பீப்பியும் பெரியப்பாவும்

பிப்ரவரி 2

பேக்பைப் பழகுகிற, பை இல்லாத குழலில் மொத்தம் ஒன்பது சுரம்தான். லோ ஜி, லோ ஏ, பி, சி, டி, இ, எஃப், ஹை ஜி, ஹை ஏ. அரை மணி நேரத்தில் மனப்பாடம் ஆகிவிட்டது. விரலுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

பிப்ரவரி 4

பெரியப்பா கட்டிலில் இருந்தே பார்த்துவிட்டு, "விரல மடக்காத, சப்பட்டையா வை" என்றார். புல்லாங்குழல் போல நுனியால் அடைக்கக் கூடாதாம், விரலின் நடுச்சதை ஓட்டை மேல் படுக்க வேண்டுமாம். அவ்வளவு பேசியதற்கே மூச்சு வாங்கியது. பெரியம்மா என்னை முறைத்தார்கள்.

பிப்ரவரி 5

கரண்ட் இரண்டு மணி நேரம் இல்லை. பெரியப்பாவின் ஆக்சிஜன் மெஷின் ஓடாது, சிலிண்டருக்கு மாற்றினோம். ஊதவில்லை.

பிப்ரவரி 8

டி-யில் இருந்து இ-க்குப் போவது என் உயிரை எடுக்கிறது. கீழ்க்கையில் மூன்று விரல் இறங்கணும், அதே நொடியில் அதே கையின் சுண்டுவிரலும் மேல்கையின் மோதிரவிரலும் ஏறணும். இம்மி பிசகினாலும் நடுவில் லோ ஏ-யோ லோ ஜி-யோ கீச்சென்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. காலையில் மோட்டார் ரூமில் உட்கார்ந்து நூறு தடவையாவது பண்ணியிருப்பேன், ஏழெட்டுதான் சுத்தமாக வந்தது. சாப்பிடும்போது கூட தோசை மேல் விரல் தட்டிக்கொண்டிருக்கிறேன். பெரியம்மா: "ஏங்கண்ணு, அந்தப் பீப்பிய வுட்டுப்போட்டு ஒழுங்கா உண்ணு."

பிப்ரவரி 9

மாட்டிக்கொண்டேன். ஒரே சுரம் இரண்டு தடவை வருகிற இடத்தில் நாக்கால் தட்டிப் பிரித்தேன். கண்ணை மூடிப் படுத்திருந்தவர், "நாக்கு" என்றார். பையை மாட்டிவிட்டால் வாய்க்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை, காற்று பையில் இருந்து போய்க்கொண்டே இருக்கும், நிறுத்தவும் முடியாது, மெதுவாக ஊதவும் முடியாது. இன்னொரு விரலைச் சட்டென்று தூக்கி வைத்து ஒரு குட்டிச் சுரத்தைச் செருகித்தான் பிரிக்கணும். கிரேஸ் நோட்டு. தெரியும்தான். சோம்பேறித்தனம்.

பிப்ரவரி 11

மேற்குத் தோட்டத்தில் மஞ்சள் வேக வைக்கிறார்கள். பாய்லர் புகை நேராக நம் வீட்டுக்குத்தான் வருகிறது. ஜன்னல் எல்லாம் சாத்தியாச்சு. பெரியப்பாவின் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 86. டாக்டர் 88-இல் இருந்து 92-க்குள் இருந்தால் போதும் என்றார். சாயங்காலம் 89.

பிப்ரவரி 12

முதல் பாட்டு எது என்று கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

அமேசிங் கிரேஸ் என்கிற கிறிஸ்தவப் பாட்டு என்கிறார். புதிதாகக் கற்கிறவர்களுக்குப் பலரும் கொடுப்பது அதைத்தான், நிதானமான நடை, சி-யும் ஜி-யும் கிடையவே கிடையாது, டி-யை சட்ஜமாக வைத்துப் பார்த்தால் நம் மோகனம். எல்லாம் சரி. ஆனால் அதை எங்கே ஊதுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? யூடியூபில் தேடினால் பாதி வீடியோவில் பெட்டி இருக்கிறது, குழி இருக்கிறது, தொப்பியைக் கழற்றிப் பிடித்தபடி நான்கு பேர் நிற்கிறார்கள். இந்த வீட்டில், இந்த மாதத்தில், அந்தப் பாட்டை நான் ஊத மாட்டேன். வேறு ஏதாவது மார்ச், அணிவகுத்து நடக்கிற பாட்டு, சொல்லுங்க பெரியப்பா என்றேன். "நடக்கவே தெரியாதவனுக்கு மார்ச் எதுக்குடா?"

பிப்ரவரி 13

ஊதவில்லை.

பிப்ரவரி 16

ராத்திரி தூக்கம் இல்லை. ஆக்சிஜன் மெஷின் ஒரே சுரத்தில் உறுமிக்கொண்டே இருக்கிறது. பைப்பில் ட்ரோன் என்பது நம் ஒத்துதான், ஆனால் மூன்று இருக்கும், இரண்டு டெனர், ஒரு பேஸ். சரி, மெஷினை ஒத்தாக வைத்துக்கொள்வோம் என்று லோ ஏ பிடித்துப் பார்த்தேன். சேரவில்லை. லோ ஏ என்று பெயர்தானே தவிர அதில் வருவது பி ஃப்ளாட் பக்கம். அது கூட மெஷினோடு ஒட்டவில்லை. பெரியப்பா விழித்துக்கொண்டு சிரித்தார், அப்புறம் இருமல், பத்து நிமிஷம். இனி ராத்திரியில் தொடக் கூடாது.

பிப்ரவரி 19

டி-இ. டி-இ. டி-இ. கீச்.

பிப்ரவரி 22

கட்டிலுக்குக் கீழே இருந்த டிரங்குப் பெட்டியை இழுக்கச் சொன்னார். நீலகிரி வெலிங்டன் ராணுவ முகாமை விட்டு வந்ததில் இருந்து அவர் அதைத் திறந்து நான் பார்த்ததில்லை. உள்ளே அவருடைய பழைய பேக்பைப். குஞ்சம் எல்லாம் பூச்சி அரித்திருந்தது. பைத்தோல் காய்ந்து அப்பளமாகிவிட்டது, காற்று நிற்காது. கட்டைக் குழல்களை மட்டும் மடியில் வைத்துத் துணியால் துடைத்தார். பெரியம்மா அடுக்களைக்குள் போய்விட்டார்கள். நானும் ஒன்றும் கேட்கவில்லை. அமேசிங் கிரேஸின் முதல் நான்கு வரியும் எனக்கு வரும் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. மோட்டார் ரூமில் ஒரு வாரமாக அதைத்தான் ஊதிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 23

84. சிலிண்டருக்குச் சொல்லியாச்சு.

பிப்ரவரி 25

90. இட்லி இரண்டு சாப்பிட்டார். "எங்கடா, சத்தத்தையே காணோம்?" என்றார். மோட்டார் ஓடுகிறது பெரியப்பா, கேட்டிருக்காது என்றேன்.

பிப்ரவரி 26

டி-இ இன்றைக்குக் கீச்சில்லாமல் வந்தது. தொடர்ந்து ஆறு தடவை. வீட்டுக்கு ஓடி வந்தால் தூங்குகிறார். எழுப்பவில்லை. மெஷின் ஃபில்டர் கழுவிக் காயப்போட்டேன்.