காஞ்சியை விட்டு மலையேறிய கரியராமரைத் தேடி

புரட்டாசி வந்தால் பெரம்பூரில் எங்கள் வீட்டில் பேச்சு முழுக்கத் திருப்பதிதான். பாரிமுனை சென்னகேசவப் பெருமாள் கோயிலில் கிளம்பும் திருக்குடைகள் யானைகவுனி தாண்டும் வரை கூட்டத்தில் நசுங்கி நின்று பார்த்தால்தான் அந்த மாதம் பிறந்த மாதிரி இருக்கும். இந்த வருஷம் அத்தை வேறு ஒரு பெருமாளின் பெயரைச் சொன்னார். "எங்க ஊர்ல இருந்து கோவிச்சிக்கிட்டுப் போன சாமி ஒருத்தர் இருக்காராம்டா, கல்வராயன் மலையில, அவரைப் பார்த்துட்டு வரலாம்." அத்தை பிறந்து வளர்ந்தது காஞ்சிபுரத்தில். கோவித்துக்கொண்டு போனார் என்பது அவர் சேர்த்துக்கொண்டது, ஆனால் கதை பழையதுதான்.

கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை, சேர்வராயன் மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ்) தங்கள் பூர்வீகம் காஞ்சி என்றே தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். காஞ்சியில் இருக்கப் பிடிக்காமல் அத்தை சொன்ன அந்தப் பெருமாள், கரியராமர், கிளம்பிவிட, அவரைத் தேடிப் பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் குடும்பத்தோடு வந்து ஆளுக்கொரு மலையில் தங்கிவிட்டார்களாம். எந்த அண்ணன் எந்த மலை என்பதில் ஊருக்கு ஊர் கணக்கு மாறும். கரிராமன் என்றும் அவரைச் சொல்வார்கள். அவர் உட்கார்ந்த இடம் கல்வராயன் மலையின் சேலம் பக்கம், கோவில்புத்தூர்.

கிளாம்பாக்கத்தில் இரவு பஸ் ஏறினோம். கள்ளக்குறிச்சி, அங்கிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணையைத் தாண்டியதும் மலைப்பாதை. மேகம் அருவி, பெரியார் அருவி எல்லாம் வழியில் வரும், தண்ணீர் நன்றாக இருந்தது, அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வெள்ளிமலை வரை சாலை ஒழுங்காகத்தான் இருக்கிறது. அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு ஜீப் பேசினோம். அதன் பிறகுதான் நிஜமான மலை ஆரம்பித்தது.

ஜீப் ஓட்டிய தம்பி மலைக்காரர். ரோடு என்று அவர் சொன்ன இடத்தில் பாதி தூரம் ஜல்லி, பாதி தூரம் செம்மண், முந்தின நாள் மழைக்கு ஒரு ஓடை குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. அத்தை கோவிந்தா கோவிந்தா என்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். சின்னக் கல்வராயன் சராசரி 2,700 அடி, பெரிய கல்வராயன் 4,000 அடி என்று படித்துவிட்டுப் போயிருந்தேன். ஊட்டி, கொடைக்கானலோடு வைத்துப் பார்த்தால் இது ஒரு உயரமே இல்லை. ஆனால் ஒரு ஊர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை உயரம் தீர்மானிப்பதில்லை, மழைக்காலத்தில் கர்ப்பிணிப் பெண்ணை எத்தனை பேர் தூக்கவேண்டும் என்பதுதான் தீர்மானிக்கிறது. "எங்க வளவுக்கு 108 வராதுங்க, மெயின் ரோட்ல வந்து நிக்கும், அதுவரைக்கும் டோலிதான்" என்றார் தம்பி, கியரை மாற்றிக்கொண்டே, ஏதோ பஸ் நேரம் சொல்வது போல. வளவு என்றால் மலையில் இருக்கும் சின்னக் குடியிருப்பு. நீளமான கம்பில் போர்வையையோ புடவையையோ கட்டி, நடுவில் ஆளைப் படுக்கவைத்து, முன்னும் பின்னும் தோள் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குப் பெயர் டோலி. அவருடைய அக்காவின் பிரசவம் அப்படித்தான் பாதி வழியிலேயே நடந்ததாம், குழந்தை நன்றாக இருக்கிறது, இப்போது உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கிறது.

இந்த மலை ஏன் இப்படி இருக்கிறது என்பதற்குக் காரணம் உண்டு, அதைச் சொல்லாமல் கோயிலுக்குள் போவது சரியில்லை. கல்வராயன் மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்களின், அதாவது நிலமானியம் பெற்ற பரம்பரைத் தலைவர்களின், கையில் இருந்தது. கிருஷ்ணதேவராயர் கொடுத்த பட்டயம் என்று சொல்லிக்கொண்டு, மலையில் விளைவதற்கு வரி வாங்கி, மக்களை வேலை வாங்கி ஆண்டார்கள். வெள்ளைக்காரன் போன பிறகும் அது நின்றுவிடவில்லை. 1976ல்தான் அரசு அதை முடித்து வைத்தது. அதாவது கீழே இருக்கிறவர்களுக்குச் சுதந்திரம் வந்து 29 வருஷம் கழித்து. பள்ளிக்கூடம், பட்டா, சாலை எல்லாமே அங்கிருந்து எண்ண ஆரம்பிக்கவேண்டும். அப்பா உழுது, தாத்தா உழுது, இன்றைக்கும் காகிதம் கையில் இல்லாத குடும்பங்கள் இருக்கின்றன.

சென்னையில் கல்வராயன் மலை என்றால் கள்ளச்சாராயம் என்று மட்டும்தான் தெரியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயத்துக்கு 60 பேருக்கு மேல் பலியான பிறகு, நம் உயர் நீதிமன்றம் தானாகவே இந்த மலை மக்களின் வாழ்க்கை நிலையை வழக்காக எடுத்து, ரோடு எங்கே, ஆஸ்பத்திரி எங்கே என்று அரசைக் கேட்டது. பாரிமுனையில் இருக்கிற கோர்ட் கேட்கும் வரை நாம் யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. செம்மரம் வெட்டக் கூலிக்குப் போவது இன்னொரு கதை. 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரும் தமிழ்நாட்டிலிருந்து போன கூலி ஆட்கள், பலர் ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பக்கத்துப் பழங்குடிகள். நாம் வருஷா வருஷம் கோவிந்தா போட்டுக்கொண்டு ஏறுகிற அதே ஏழுமலைத் தொடர். பிழைப்பு இருந்தால் யார் அங்கே கோடாலியோடு போகப்போகிறார்கள் என்று ஜீப்பில் மாமா கேட்டார். தம்பி பதில் சொல்லவில்லை.

பிழைப்பு என்று பார்த்தால் மரவள்ளிதான், சரிவு முழுக்க. கிழங்கு பிடுங்கி லாரி ஏற்றினால் ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும், விலையை வியாபாரி வைப்பார், வண்டி வாடகை இவர்கள் கணக்கில் கழியும். நம் வீட்டுப் பாயசத்து ஜவ்வரிசி அப்படி வந்ததாகவும் இருக்கலாம். காட்டில் கடுக்காய், புளி, தேன். முன்பு நிறைய சாமை விதைத்தார்களாம், இப்போது ரேஷன் அரிசி வந்ததும் சாமை குறைந்துவிட்டது. ரேஷன் அரிசியும் வீட்டுக்கு வருவதில்லை, பல வளவுகளில் கடை வரை நடந்து போய்த் தலைச்சுமையாக எடுத்து வரவேண்டும். போன் சிக்னலுக்கு ஒரு பாறை இருக்கிறது, அதன் மேல் ஏறி நின்றால் கிடைக்கும், அங்கே எப்போதும் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

கோயிலுக்குப் போனபோது உச்சி வேளை. பூசாரி அந்த மக்களில் ஒருவர், நெற்றியில் நாமம். சத்தமில்லாமல் தீபம் காட்டி, துளசித் தீர்த்தம் கொடுத்து, எங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. டிக்கெட் இல்லை, வரிசை இல்லை, ஜருகண்டி சொல்ல ஆள் இல்லை. எனக்கு அவ்வளவு நேரம் பெருமாள் முன்னால் நின்று பழக்கமே இல்லாததால் கொஞ்ச நேரத்தில் வேண்டிக்கொள்ள எதுவும் மிச்சமில்லாமல் சும்மா நின்றேன். அத்தை மட்டும் என்னவோ பேசிக்கொண்டே இருந்தார், ஊர்க்காரரிடம் பேசுகிற தொனியில்.

வெளியே திண்ணையில் ஒரு பாட்டி. "எந்தூருங்க சாமி?" அத்தை காஞ்சிபுரம் என்றதும் பாட்டி எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "நம்மூரா! எங்க ஊரும் அதானே." பாட்டி காஞ்சிபுரத்தைப் பார்த்ததில்லை. ஆத்தூரைத் தாண்டியே போனதில்லையாம். ஆனால் அது அவருடைய சொந்த ஊர், அதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அப்புறம் கேட்டார்: "எங்க சாமி இருந்த எடத்துல இப்ப யாரு இருக்காங்க?" அத்தை ஒரு நிமிஷம் திகைத்துவிட்டு, "வரதராஜர் இருக்காரு, நல்லா இருக்காரு" என்றார். பாட்டி தலையை ஆட்டினார். "அங்க ரோடெல்லாம் இருக்குமில்ல." எல்லோரும் காஞ்சியிலேயே தங்கியிருந்தால் இந்தப் பாட்டிக்குக் கோயில் வாசலில் ஆட்டோ கிடைத்திருக்கும், சாமி மலைக்கு வந்ததில் யாருக்கு என்ன லாபம் என்று எனக்குள் ஓடியது. அவரிடம் கேட்கவில்லை. அவர் சாமி மேல் எந்தக் குறையும் சொல்லவில்லை, குறை எல்லாம் ஓட்டு கேட்டு வந்தவர்கள் மேல்தான்.

திரும்பும்போது மாமா, "நல்ல ரோடு போட்டா கூட்டம் வந்து இந்த அமைதி போயிடும்" என்றார். நல்ல மனிதர், ஆனால் எனக்குக் கோபம் வந்தது. அமைதி வேண்டும் என்பது ஒரு மதியம் வந்துவிட்டுப் போகிற நம்முடைய ஆசை. இங்கே தார் போட்டு, அதில் நாலு டூரிஸ்ட் வேன் வந்து ஹாரன் அடித்தாலும் பரவாயில்லை, அதே ரோட்டில் ஆம்புலன்ஸும் வரும். பெருமாளுக்கு ஹாரன் சத்தம் ஒன்றும் புதிதல்ல, காஞ்சியில் இருந்தவர்தானே. அத்தை என் பக்கம் நின்றார்.

போகிறவர்கள் கருமந்துறை வழியாக ஆத்தூர் இறங்குவது சுலபம், நாங்கள் அப்படித்தான் இறங்கினோம். ஜீப்பை மலைக்காரர்களிடமே பேசுங்கள், சொன்ன வாடகையில் பேரம் பேசவேண்டாம், அந்தப் பாதைக்கு டயரே ஆறு மாதம் தாங்காது. சில்லறையாக நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், தேன், கடுக்காய், மிளகு விற்கிறவர்களிடம் போனைத் தட்டிப் பணம் அனுப்ப முடியாது. மழைக்காலத்தில் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகவேண்டாம் என்று எழுதலாம் என்று நினைத்தேன், ஆனால் அங்கே வயதானவர்கள் வருஷம் முழுக்க இருக்கிறார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் மார்கழிக்கு மேல், பாதை காய்ந்த பிறகு போகலாம். அத்தை மாசியில் மறுபடி போகிறாராம், பாட்டிக்கு வரதராஜர் படம் ஒன்று பிரேம் போட்டு வாங்கி வைத்திருக்கிறார்.