ரீயூனியன் தீவு: உயரம் பார்த்துப் போட்ட பயணத் திட்டம்

"எரிமலை இருக்குற ஊருக்கா குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போறே?" என்று அம்மா கேட்டபோது என்னிடம் சரியான பதில் இல்லை. ரீயூனியன் என்ற பெயரை வீட்டில் முதன்முதலாகச் சொன்ன நாள் அது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். எங்கள் திட்டம் உண்மையில் அங்கேதான் தொடங்கியது.

ரீயூனியன், மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரிஷியஸிலிருந்து முக்கால் மணி நேர விமானப் பயணத்தில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு. செலவெல்லாம் யூரோவில். தீவு முழுவதுமே இரண்டு எரிமலைகள் எழுப்பியது. ஒன்று, 3,070 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தெ நேஜ். அது நெடுங்காலமாகத் தூங்குகிறது. மற்றது, 2,632 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தெ லா ஃபூர்னேஸ். உலகில் அடிக்கடி பொங்கும் எரிமலைகளில் இதுவும் ஒன்று. ஆனால் இதன் குழம்பு இளகி ஓடும் வகை. பெரும்பாலும் வெடித்துச் சிதறாமல் வழிந்தே இறங்கும். வழிவதும் பெரும்பாலும் ஆன்க்ளோ என்கிற குதிரை லாட வடிவப் பள்ளத்துக்குள்தான். அங்கே யாரும் குடியிருப்பதில்லை. 1977இல் குழம்பு அந்த எல்லையைத் தாண்டி ஒரு ஊருக்குள் இறங்கியது. அதன் பிறகு 1979இல் ஒரு கண்காணிப்பு நிலையம் தொடங்கி, மலையை ஓயாமல் கவனித்து வருகிறார்கள். பொங்கப்போகிற அறிகுறி தெரிந்தால் உள்ளே போகும் பாதையை நிர்வாகம் மூடிவிடும்.

இதை அம்மாவிடம் சொன்னேன். "மூடிட்டா நாம பார்க்கவே முடியாதே!" என்று பதினொரு வயது மகள் முந்திக்கொண்டாள். சரி, இரண்டு பேர் கவலைக்கும் சேர்த்துத் திட்டம் போட வேண்டியதாயிற்று.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். தீவின் பரப்பு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர்தான். கரையோரமாகச் சுற்றி வந்தால் 200 கிலோமீட்டர் சொச்சம். அதனால் மேற்குக் கரையில் ஒரே இடத்தில் தங்கி, தினமும் ஒரு பக்கம் போய்த் திரும்பலாம் என்று ஒன்பது நாளுக்கும் எழுதிவிட்டேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தீவைப் பக்கவாட்டில் வரைந்தார். கீழே கடல், நடுவில் 1,600 மீட்டரில் பூர் முரா என்ற ஊர், மேலே 2,311 மீட்டரில் எரிமலையைப் பார்க்கும் பா தெ பெல்கோம்ப். "தூரத்தைப் பார்க்காதம்மா, ஏத்தத்தைப் பாரு" என்றார். அந்தத் தாள்தான் கடைசிவரை எங்கள் திட்டம். எந்த நாள் எந்த இடம் என்பதை விட்டுவிட்டு, எந்த நேரத்தில் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்தோம்.

காரணம் மேகம். காலையில் வெயில் ஏற ஏற, கடல் காற்றின் ஈரம் சரிவோடு மேலே ஏறும். ஒன்பது, பத்து மணிக்குள் அது மேகமாகி மலையை மூடிவிடும். அதனால் காலை நேரம் மலைக்கு, மதியத்துக்கு மேல் கடலுக்கு. குளிரும் அப்படித்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும். கரையில் 24 டிகிரி என்றால் பா தெ பெல்கோம்பில் பத்து. விடிகாலைக் காற்றில் இன்னும் குறைவு. நீச்சலுடையும் கம்பளிச் சட்டையும் ஒரே பையில் வைத்துக் கட்டிய பயணம் எனக்கு இதுதான் முதல் முறை.

மாதம் தேர்ந்தெடுப்பது சுலபம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். மே முதல் வறண்ட, குளிர்ந்த பருவம். நாங்கள் மே கடைசியில் போனோம். விசா விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். பிரான்ஸ்தானே என்று ஷெங்கன் விசாவை நம்பிக் கிளம்பாதீர்கள். ரீயூனியன் ஷெங்கன் எல்லைக்குள் வராது, அதற்கு விதி தனி. கார் இல்லாமல் குடும்பத்தோடு மலைக்குப் போவது சிரமம். சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டி வேண்டுமென்றால் முன்பே சொல்லிவைக்க வேண்டும், குழந்தை இருக்கைக்கும் அப்படியே.

கடைசியில் மேற்குக் கரையில் நான்கு இரவு, பூர் முராவில் மூன்று, கிழக்கே இரண்டு என்று பிரித்தோம். சிலாவோஸ் மலையூருக்கு நானூறு வளைவு உள்ள சாலை என்றார்கள். ஆறு வயது மகனுக்கு நாற்பது வளைவே தாங்காது, விட்டுவிட்டோம். ஆனால் சிலாவோஸில் விளையும் பருப்பு கரையிலேயே கிடைத்தது. தங்கிய இடத்தில் அடுப்பு இருந்ததால் அம்மா முதல் இரவே அதை வேகவைத்தார். சைவம் சாப்பிடுகிறவர்கள் சமையலறை உள்ள வீடாகப் பார்த்து எடுப்பது நல்லது.

அம்மா எரிமலைக்குப் பயந்தார். ஆனால் இந்தத் தீவில் நான் அதிகம் பயந்தது கடலுக்குத்தான். அடுத்தடுத்து நடந்த சுறாத் தாக்குதல்களுக்குப் பிறகு, 2013இல் நீச்சலுக்கும் அலைச்சறுக்குக்கும் கடுமையான கட்டுப்பாடு வந்தது. பவளத்திட்டுக்கு உட்பட்ட ஆழமில்லாத பகுதியிலும், காவலர் இருக்கும் கரைகளிலும்தான் இறங்கலாம். மேற்குக் கரையில் நாங்கள் லெர்மிதாஜ் என்ற இடத்தில் தங்கியது அதற்காகவே. அலையெல்லாம் தூரத்தில் திட்டின் மேல் உடைந்துவிடும். இந்தப் பக்கம் குழந்தைகளின் இடுப்பளவுத் தண்ணீர், கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தால் மீன்கள். ஆனால் திட்டில் திறப்பு இருக்கும் இடத்தில் தண்ணீர் வெளியே இழுக்கும். அந்தப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். பவளம் காலைக் கிழிக்காமலிருக்க ரப்பர் செருப்பும் வேண்டும்.

அங்கிருந்து ஒரு விடிகாலை மைதோ முனைக்குப் போனோம். கிட்டத்தட்ட 2,200 மீட்டர் உயரத்தில் நின்று மஃபாத் பள்ளத்தாக்கைக் குனிந்து பார்க்கலாம். உள்ளே ஊர்கள் இருக்கின்றன, சாலை கிடையாது. நடந்து போகலாம், இல்லையென்றால் ஹெலிகாப்டர். அடிமைத்தனத்திலிருந்து தப்பியவர்கள் ஒளிந்து வாழ்ந்த இடம் அது. அவ்வளவு கீழே ஒரு கூரை மட்டும் வெயிலில் மின்னியது. அப்பா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐந்தாம் நாள் மூட்டை முடிச்சுகளோடு கரையிலிருந்து ஏறி, பூர் முராவில் நிற்காமல் நேராக எரிமலைக்கே போனோம். என் அவசரம்தான் காரணம். போய்ச் சேர மணி பதினொன்று. கைப்பிடிக் கம்பிக்கு அந்தப் பக்கம் வெள்ளை, வேறொன்றும் இல்லை. "எங்கம்மா எரிமலை?" என்று மகன் கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. மறுநாள் முழுக்கத் தூறல். பூர் முராவில் இருக்கும் எரிமலை அருங்காட்சியகத்தில் அன்றைய பொழுது போயிற்று. பிள்ளைகளுக்கு அது நல்ல பாடமாகவும் அமைந்தது. மூன்று இரவு அங்கே போட்டிருக்காவிட்டால் நாங்கள் எரிமலையைப் பார்க்காமலே திரும்பியிருப்போம். மலைக்கென்று குறைந்தது இரண்டு காலைப்பொழுதாவது கையில் இருக்கட்டும்.

மூன்றாவது முயற்சியில் ஐந்தரைக்குக் கிளம்பினோம். வானத்தில் நட்சத்திரம் தெரிந்தது. வழியில் ப்ளேன் தெ சாப்ளு என்ற சமவெளி. மரம் இல்லை, வீடு இல்லை, செம்பழுப்புச் சரளை மட்டும் கண்ணுக்கெட்டிய மட்டும். அதன் நடுவே மண்பாதையில் எங்கள் வண்டி மட்டும் குலுங்கிக்கொண்டு போயிற்று. பா தெ பெல்கோம்பில் போய் நின்றபோது சூரியன் வந்துகொண்டிருந்தது. எதிரே ஃபூர்னேஸ் முழுசாகத் தெரிந்தது. யாரும் எதுவும் பேசவில்லை.

அப்பாவுக்கு முழங்கால் வலி. அவரும் அம்மாவும் மேலேயே இருக்க, நாங்கள் நால்வரும் செங்குத்துப் படிகளில் ஆன்க்ளோவுக்குள் இறங்கினோம். ஃபார்மிகா லியோ என்ற சின்னச் சிவப்புக் கூம்பு வரை குழந்தைகளே நடந்துவிடலாம். தரையெல்லாம் உறைந்த குழம்பு, தடித்த கயிறுகளைச் சுருட்டிச் சுருட்டி வைத்ததுபோல. மகன் ஒரு கல்லைச் சட்டைப்பைக்குள் போட்டான். தேசியப் பூங்காவிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்று சொன்னேன். எடுத்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து அதே குழியில் திரும்ப வைத்தான். மேலே வந்ததும் அப்பா, "பைனாகுலர்ல நாலு புள்ளியையும் விடாம எண்ணிக்கிட்டே இருந்தேன்" என்றார். ஒன்பதேகாலுக்கு மேகம் வந்து மூடியது.

கிழக்குப் பக்கம் மழை அதிகம். அதனால் கூரைக்குக் கீழே பார்க்கக்கூடியதையெல்லாம் அங்கே வைத்திருந்தோம். முதலில் வனிலாத் தோட்டம். வனிலாப் பூவைக் கையால் மகரந்தம் சேர்க்கும் எளிய வழியை 1841இல் இந்தத் தீவில் கண்டுபிடித்தவன் எட்மோன் அல்பியுஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன். "என்னைவிட ஒரு வயசுதான் பெரியவன்" என்று மகள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்புறம் செயின்ட் ஆந்த்ரே என்ற ஊர். 1848இல் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கோபுரம் நம் கோபுரம்தான். கோயிலில் ஒரு பாட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கிரியோல் மொழியில் ஏதோ சொன்னார். அம்மா தமிழில் பதில் சொன்னார். இருவருக்கும் மற்றவர் பேச்சு புரியவில்லை, கையை மட்டும் விடவில்லை.

கடைசி நாள் தென்கிழக்குக் கரைச் சாலை. 2007 ஏப்ரலில் எரிமலையின் உச்சிப் பள்ளம் சுமார் 300 மீட்டர் கீழே சரிந்தது. அப்போது வழிந்த குழம்பு இந்தச் சாலையைக் கடந்து கடலில் இறங்கிப் புது நிலமாகவே உறைந்தது. வண்டியை ஓரம் கட்டி இறங்கினோம். கரும்பாறையில் கடுகளவு பச்சை மணிகள் மின்னின, ஆலிவின் படிகங்கள். மகன் அவற்றை எண்ணிக்கொண்டிருந்தான். அம்மா ஒரு வெடிப்பின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே விரல் நீளப் பெரணிச் செடி ஒன்று. வீட்டில் தொட்டிச் செடிக்கு மண் பார்ப்பதுபோல, வெடிப்புக்குள் ஒரு விரலை மெல்ல விட்டுத் தடவினார்.

"மண்ணே இல்லையே, இது எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது?" என்றார் என்னைப் பார்த்து. விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவர் எழுந்திருக்கும்வரை காத்திருந்தோம்.