ஏனோக்கு ஏன் வெளியே?

வேதாகம வகுப்பில் நியதி நூல்கள், அதாவது வேதாகமத்தில் சேர்க்கச் சபை ஏற்றுக்கொண்ட நூல்கள், என்று தொடங்கினாலே இந்தக் கேள்வி வந்துவிடும். "புதிய ஏற்பாட்டிலுள்ள யூதா நிருபமே ஏனோக்கு என்ற பழைய யூத நூலின் வார்த்தையை எடுத்துச் சொல்கிறதே ஐயா, அப்புறம் அந்தப் புத்தகத்தை ஏன் ஒதுக்கினார்கள்?"

என் பதில் எப்போதும் அந்த மூன்று அளவுகோல்தான்: அப்போஸ்தலரோடு தொடர்பு, சபையின் விசுவாசத்தோடு ஒத்துப்போவது, பல ஊர்ச் சபைகளிலும் வாசிக்கப்பட்டது. தப்பான பதில் இல்லை. ஆனாலும் சொல்லி முடித்ததும் உறுத்துகிறது.

எபிரெயர் நிருபத்தை எழுதியது யாரென்று 3-ஆம் நூற்றாண்டு வேத அறிஞர் ஓரிகனுக்கே தெரியாது, அது உள்ளே. எர்மாவின் மேய்ப்பன் என்ற பழைய கிறிஸ்தவ நூல், 4-ஆம் நூற்றாண்டு வேதாகமக் கையெழுத்துப் பிரதியான சீனாய்ப் பிரதியில் புதிய ஏற்பாட்டோடு சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது, அது வெளியே. சபை ஏற்ற நூல்களின் பழைய பட்டியலான முரட்டோரிப் பட்டியல் சொல்லும் காரணம், பயஸ் ரோமில் ஆயராக இருந்தபோது அண்மையில் எழுதப்பட்டது என்பது. படிக்கலாம், சபை நடுவே வாசிக்கக் கூடாது. எரிக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மேய்ப்பன் ரொம்பப் புதியது. ஏனோக்கையோ, அளவுமீறிப் பழையது, நம்பகமாகச் சரிபார்க்க வழியில்லை என்கிறார் 5-ஆம் நூற்றாண்டு ஆயர் அகுஸ்தீன்! அவருக்கு முந்தைய கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியனோ அதே யூதா வசனத்தைக் காட்டித்தான் ஏனோக்குக்காக வாதாடினார்.

325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் ஓட்டெடுத்து நூல்களை நீக்கியதாகச் சொல்வது கட்டுக்கதை. நம் கையிலுள்ள புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் அப்படியே வரும் பட்டியல் 367-இல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு எழுதிய பாஸ்கா (உயிர்த்தெழுதல் திருநாள்) கடிதத்தில்தான் முதலில் கிடைக்கிறது. அதற்கு முன் நடந்ததெல்லாம் அந்தியோகியா ஆயர் செராப்பியோன் செய்தது போலத்தான். கி.பி. 200-ஐ ஒட்டி, ரோசு ஊர்ச் சபையார், பேதுருவின் பெயரில் வழங்கிய பேதுரு சுவிசேஷம் என்ற நூலை வாசிக்க விரும்பினார்கள். புரட்டிக்கூடப் பார்க்காமல் 'வாசியுங்கள்' என்றுவிட்டார். கிறிஸ்துவின் உடல் வெறும் தோற்றம் என்பவர்களின் போதனை அங்கே பரவுவது தெரிந்த பிறகுதான் பிரதி வாங்கிப் படித்தார். பெரும்பகுதி சரி, சில சேர்க்கைகள் சரியில்லை என்று கடிதம் போனது. அளவுகோல் அவரிடமும் இருந்தது; அதைக் கையில் எடுக்க ஒரு தகராறு வேண்டியிருந்தது.

இத்தனையும் முதல் வகுப்பில் சொன்னால் குழம்பிப் போவார்கள். அதனால்தான் மூன்றோடு நிறுத்துகிறேன். குழப்பம் அவர்களுக்கா, என் பாடத்திட்டத்துக்கா என்பது வேறு விஷயம். எத்தியோப்பிய ஓர்த்தடாக்ஸ் சபையின் வேதாகமத்தில் ஏனோக்கு உள்ளேயே இருக்கிறது. அங்கே இந்தக் கேள்வியைக் கேட்டால், "யார் ஒதுக்கியது?" என்று திருப்பிக் கேட்பார்கள்.