‘கேட்டேன்’ என்று சொல்லிவிட்டேன்

“நீங்கள் இதைக் கேட்டாயிற்றா?” அந்தப் பெரியவர் கேட்டது இவ்வளவுதான். நான் “கேட்டேன்” என்றேன்.

2016 டிசம்பர் 2, வெள்ளிக்கிழமை. ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘ப்ளூ அண்ட் லோன்சம்’ ஆல்பம், நான் வேலை பார்க்கும் இசைத்தட்டுக் கடைக்கு வந்த நாள். மதியம் வேலைக்கு வரும்போது அதில் நான் ஒரே ஒரு பாட்டுதான் கேட்டிருந்தேன். அதுவும் அக்டோபரில் தனியாக வந்த பாட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டு போனில் கேட்டது. மீதிப் பதினொன்றைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அட்டையின் பின்பக்கப் பட்டியல்தான்.

அவரும் அந்தப் பட்டியலைத்தான் வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். கல்லாவுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை, எல்லாம் வாயில் தயாராக இருந்தது. பன்னிரண்டு பாட்டு, பன்னிரண்டும் மற்றவர்கள் பாடியவை, அதில் நான்கு அமெரிக்கக் கறுப்பர்களின் ப்ளூஸ் இசையில் பேர்போன லிட்டில் வால்டர் பதிவு செய்தவை, இதைவிடக் குறைந்த விலைக்கு அவருடைய தொகுப்பே அந்த வரிசையில் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கொஞ்சம் தயங்கி, “ரிச்மண்ட் ஸ்டேஷன் ஹோட்டலில் இவர்கள் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் நான் போயிருக்கிறேன்” என்றார். நான் தலையாட்டினேன். அதன் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. என் பதிலைக் கேட்டதும் “சரி” என்று திரும்பிப் போய், ஸ்டோன்ஸ் தட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு லிட்டில் வால்டரை எடுத்துவந்தார். பணம் கொடுத்தார், போய்விட்டார்.

சொன்னதில் பொய் அந்த ஒரு வார்த்தைதான். மற்றதெல்லாம் உண்மை, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு ஆதங்கம் உண்டு. லிட்டில் வால்டர் மைக்கையும் மவுத் ஆர்கனையும் சேர்த்து இரு கைக்குள்ளும் பொத்திப் பிடித்து, ஆம்ப்ளிஃபயர் கரகரக்கும்படி ஊதியவர். மவுத் ஆர்கனுக்கு அப்படி ஒரு குரல் உண்டு என்பதை உலகுக்குக் காட்டியதில் அவருக்குத்தான் பெரிய பங்கு. 1968-ல் முப்பத்தேழு வயதில் செத்துப்போனார். சிகாகோ ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன் தான் எழுதிய பாட்டுகளின் உரிமைக்காகவே வழக்குப் போட வேண்டியிருந்தது. இவர்களின் பாட்டைக் கேட்டு வளர்ந்த வெள்ளைக்காரப் பையன்கள் அரங்கம் அரங்கமாக நிரப்பினார்கள். அப்படியிருக்கும்போது எங்கள் கடையில் ஒரு நாள், ஒருவர், அசலை எடுத்துக்கொண்டு போனார் என்றால் அதில் என்ன தப்பு?

இப்படி எனக்கு நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கு ஸ்டோன்ஸிடம் முழுசாகப் பொருந்தவில்லை. குழுவின் பெயரே ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் 1950 பாட்டிலிருந்து எடுத்தது. அதை அவர்கள் ஒருநாளும் ஒளிக்கவில்லை. 1965-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்குப் போனபோது ப்ளூஸ் பாடகர் ஹவுலின் வுல்ஃபையும் அழைக்க வேண்டும் என்று கேட்டு, அவர் பாடும்போது சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். இதெல்லாம் அந்த வெள்ளிக்கிழமையும் எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை.

அன்று இரவு கடை சாத்தியபின் ஒரு தட்டை எடுத்துப்போய் முழுக்கக் கேட்டேன். சுமாராக இருந்துவிட வேண்டும் என்று மனசுக்குள் ஒரு ஆசை இருந்ததை மறைக்க விரும்பவில்லை. அப்படி இல்லை. அதைப் பதிவு செய்த ஸ்டுடியோ மேற்கு லண்டனின் சிஸிக்கில், எங்கள் கடையிலிருந்து ரொம்ப தூரம்கூட இல்லை. 2015 டிசம்பரில் சொந்தப் பாட்டுகள் போடத்தான் அங்கே போயிருக்கிறார்கள். அறையின் சத்தம் பிடிபடாமல், காதைப் பழக்கிக்கொள்ள ஒரு பழைய ப்ளூஸ் வாசித்துப் பார்த்திருக்கிறார்கள். அதுவே தொடர்ந்து, மூன்றே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. பக்கத்து அறையில் வேலையாக இருந்த கிடார் கலைஞர் எரிக் கிளாப்டனையும் கூப்பிட்டு இரண்டு பாட்டில் வாசிக்க வைத்தார்கள். எல்லாரும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்தது, ஒருவர் சத்தம் இன்னொருவர் மைக்கில் கசிவது, அப்படியே கேட்கிறது. டிரம்ஸ் வாசிக்கும் சார்லி வாட்ஸ் தாளத்தை ஒரு மயிரிழை பின்னால் போடுகிறார், மற்றவர்கள் அதன்மேல் சாய்ந்துகொள்கிறார்கள். குழுவின் பாடகர் மிக் ஜாகரின் மவுத் ஆர்கனை அதற்கு முன்பு நான் கவனித்ததே இல்லை. அவர் அந்தக் குழுவில் பாட மட்டும் செய்கிறவர் என்றுதான் என் மனதில் பதிந்திருந்தது. இதில் அவர் வால்டரைப் படித்த மாணவராக ஊதுகிறார், மாணவன் என்பது கேட்பவருக்குத் தெரிவதைப் பற்றிக் கூச்சமில்லாமல்.

எழுபத்திரண்டு வயதுக்குப் பிறகுதான் அந்தப் பாட்டுகளின் துக்கம் ஜாகருக்கு விளங்கியிருக்கிறது என்று கொஞ்ச நாள் கடைக்கு வருபவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் சரியில்லை. வால்டர் அந்த நான்கையும் பதிவு செய்தபோது அவருக்கு முப்பது வயதுக்குள், அல்லது அதை ஒட்டித்தான். துக்கத்துக்கு வயதாக வேண்டியதில்லை. அப்படியென்றால் இந்தத் தட்டில் நான் கேட்பது என்ன? இருபது வயதில் தாங்கள் என்னவாக ஆசைப்பட்டார்களோ, அதை அவ்வளவு பணத்துக்கும் புகழுக்கும் அப்புறமும் அவர்கள் மறக்கவில்லை என்பதாக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

ரிச்மண்ட் விஷயம் உறைக்கத்தான் நாளானது. லண்டனை ஒட்டிய ரிச்மண்டின் ஸ்டேஷன் ஹோட்டல் என்றால் அங்கே நடந்த கிராடாடி என்ற இசை கிளப். 1963-ல் சில மாதங்கள் ஸ்டோன்ஸ் அங்கே வாராவாரம் வாசித்தார்கள். அப்போது அவர்களிடம் சொந்தப் பாட்டு என்று பெரிதாக ஒன்றுமில்லை. சிகாகோ ப்ளூஸ்காரர்களின் பாட்டுகள்தான். அதாவது அவர் கையில் வைத்திருந்தது அவர் இருபது வயதில் நேரில் கேட்ட அதே குழு, அதே மாதிரிப் பாட்டுகள், ஐம்பத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு. ‘மற்றவர்கள் பாடியவை’ என்று நான் அவருக்குப் பாடம் நடத்தினேன். அந்த மற்றவர்களை நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அவர் கேட்டிருக்க வேண்டும். அவர் வீட்டில் லிட்டில் வால்டர் தட்டு ஏற்கெனவே இருந்திருக்கக்கூடும். இருந்தும் ஏன் வாங்கினார்? இவ்வளவு ஆர்வமாகச் சொல்கிறானே, மறுக்க வேண்டாம் என்றா? அல்லது, கேட்டவன் சொல்கிறான், சரியாகத்தான் இருக்கும் என்றா? முதலாவது என்றால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். இரண்டாவது என்றால் அந்த ஒரு வார்த்தைதான் அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

அவர் அப்புறம் இன்னொரு கடையில் வாங்கியிருப்பார், இது பெரிய விஷயமே இல்லை என்று கூட வேலை பார்க்கும் நண்பர் சொன்னார். இருக்கலாம். மறுபடி ஒருவர் பாடினால் எழுதியவரின் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்கும் பணம் போகும், ஆகவே நீ நினைத்த நியாயத்துக்கு அந்தத் தட்டை விற்பதே மேல் என்றும் சொன்னார். அதுவும் சரிதான், உரிமை யாரிடம் இருக்கிறது என்பதுதான் பழைய சண்டையே என்றாலும்.

2021 ஆகஸ்டில் சார்லி வாட்ஸ் இறந்தார். அவர் உயிரோடு இருந்தபோது வந்த கடைசி ஸ்டுடியோ ஆல்பம் இதுதான். அந்த வாரம் தினமும் அதைக் கடையில் போட்டேன். ரிச்மண்டில் டிரம்ஸ் வாசித்ததும் அவர்தான். அந்தப் பெரியவர் வருவாரோ என்று கதவு திறக்கும்போதெல்லாம் பார்த்தேன். வந்தால் என்ன சொல்வதென்று தெரியாது. ஒரு தட்டை மட்டும் கல்லாவுக்குக் கீழே எடுத்து வைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு அம்மா வேறொரு புதுத் தட்டைக் காட்டி, கேட்டீர்களா என்றார். இரண்டு பாட்டு கேட்டிருந்தேன். பின்னால் வரிசை நீண்டிருந்தது. கேட்டேன், நன்றாக இருக்கிறது என்றேன். அவர் வாங்கிக்கொண்டு போனார்.