பீப்பாயில் ஊறிய இம்பீரியல் ஸ்டவுட்: முதல் முகர்விலேயே மதிப்பெண் போடாதீர்கள்

இம்பீரியல் ஸ்டவுட் என்பது வறுத்த பார்லி சேர்த்துக் காய்ச்சும் வலுவான கரிய பீர். போர்பன் என்னும் அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் ஊறிய ஸ்டவுட்டை கிளாஸில் ஊற்றியதும் வெனிலாவும் தேங்காயும் கேரமலும் குப்பென்று எழும். அந்த மயக்கத்தில் 50-க்கு 45 போட்டுவிடுவது எளிது. ஆனால் அந்த மணமெல்லாம் மரம் கொடுத்தது. உள்ளே தீயில் கருக்கிய ஓக் மரத்தின் லிக்னின் என்னும் மரக்கூறு சிதைந்து, வெனிலா மணம் தரும் வனிலின் வருகிறது. தேங்காய் வாசம் ஓக் மரத்திலுள்ள லாக்டோன் என்னும் சேர்மம். அமெரிக்கச் சட்டப்படி போர்பனைக் கருக்கிய புது ஓக் கலனில்தான் ஊறவைக்க வேண்டும் என்பதால், ஒருமுறை பயன்பட்ட 200 லிட்டர் பீப்பாய்கள் பீர் காய்ச்சுபவர்களுக்கு வந்து சேர்கின்றன. மரப்பலகையில் விஸ்கியும் ஊறிக் கிடக்கும். மதிப்பிட வேண்டியது, இவற்றுக்கு அடியில் நல்ல ஸ்டவுட் இருக்கிறதா என்பதை.

பாட்டிலை முந்தைய நாளே நிமிர்த்தி வையுங்கள், வண்டல் படியட்டும். சோப்பு வாடை இல்லாத, மணத்தைத் தேக்கும் குமிழ் வடிவ டியூலிப் அல்லது ஸ்னிஃப்டர் கிளாஸில் 100 மில்லி போதும். 12 சதவீத ஆல்கஹால் உள்ள பீர் இது, 330 மில்லியை மூன்று பேர் பகிரலாம். வரிசையில் பல பீர்கள் இருந்தால் இதைக் கடைசியில் வையுங்கள். இதற்குப் பிறகு லேசான லேகர் வகை பீர் எதுவும் தண்ணீர்தான்.

நுரை மெலிதாக வந்து உடனே அடங்கினால் மதிப்பெண் குறைக்காதீர்கள். இவ்வளவு ஆல்கஹாலில் நுரை நிற்காது. மூடியைத் திறந்ததும் பொங்கி வழிந்தால் மட்டும் கிருமித் தொற்றைச் சந்தேகியுங்கள்.

மூன்று சுற்று சுவையுங்கள்: 10 டிகிரி செல்சியஸில் ஒன்று, 14-இல் ஒன்று, 18-இல் ஒன்று. குளிரில் வறுத்த பார்லியின் கசப்பும் கார்பனேஷனும் முன்னால் நிற்கும், இனிப்பு ஒளிந்துகொள்ளும். 14-இல் டார்க் சாக்லேட், உலர் திராட்சை, மொலாசஸ் எல்லாம் விரியும். இந்த பீரின் உண்மையான முகம் அதுதான். 18-இல் குறைகள் வெளிவரும். நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை வந்தால் எத்தில் அசிட்டேட் என்னும் சேர்மம் மிஞ்சியிருக்கிறது. தொண்டை எரிந்தால் பெரும்பாலும் ஈஸ்ட் அதிக வெப்பத்தில் நொதித்திருக்கும். சோயா சாஸ் வாடை, இறந்த ஈஸ்ட் செல்கள் உடைந்ததன் அடையாளம். ஈர அட்டை வாடை ஆக்சிஜனேற்றம். அதே ஆக்சிஜனேற்றம் மிதமாக நின்றால் ஷெர்ரி போன்ற வாசம் தரும், அதைக் குறையாக எண்ண வேண்டாம். கறுப்புத் தேநீர்போல் வாய் துவர்த்தால் மரத்தின் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிஞ்சிவிட்டது.

புளிப்பில்தான் அதிகம் குழம்புவார்கள். வறுத்த பார்லியும் லேசான புளிப்பு தரும். அது காபிக் கசப்போடு வந்து அதோடு போய்விடும். தொற்றினால் வந்த லாக்டிக் புளிப்போ (தயிரில் இருக்கும் அமிலம்) விழுங்கிய பிறகும் தனியாகத் தங்கி வாயில் எச்சில் ஊற வைக்கும், பீரின் அடர்த்தியும் மெலிந்திருக்கும். வினிகர் வாடை என்றால் பீப்பாய்க்குள் காற்று புகுந்து, ஆல்கஹாலை வினிகராக்கும் அசிட்டோபாக்டர் பாக்டீரியா வேலை பார்த்திருக்கிறது. விலையும் அரிதான தன்மையும் எவ்வளவு இருந்தாலும் இதற்கு மன்னிப்பு கிடையாது.

பீர் நடுவர்களுக்குச் சான்றளிக்கும் பி.ஜே.சி.பி. அமைப்பின் மதிப்பெண் தாளில் மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, மொத்த அனுபவத்துக்கு 10. வீட்டிலும் அதையே பின்பற்றுங்கள். விஸ்கி மட்டும் தெரிந்து ஸ்டவுட் காணாமல் போயிருந்தால் சுவைக்கு 13-ஐத் தாண்ட மாட்டேன். வறுவல், மரம், இனிப்பு, ஆல்கஹால் நான்கும் ஒரே மிடறில் தெரிந்து, பின்சுவை திகட்டாமல் உலர்வாக முடிந்தால் 17-க்கு மேல். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே தண்ணீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டும். மூன்று சுற்றின் எண்ணையும் தனித்தனியே குறித்து வையுங்கள். முதலுக்கும் மூன்றாவதுக்கும் ஐந்து மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் வந்தால், மூன்றாவதையே வைத்துக்கொள்ளுங்கள்.