41 வயசுல டீச்சர் வேலைய விட்டுட்டு மெடிக்கல் கோடிங் போனேன், எப்படின்னு கேக்குறவங்களுக்காக

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், இது கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் எழுதுற வேலை கிடையாது. அமெரிக்காவுல ஒருத்தர் ஆஸ்பத்திரி போனா டாக்டர் எழுதி வைக்கிற சார்ட்டை நாம இங்க உக்காந்து படிச்சு, என்ன நோய், என்ன வைத்தியம் பண்ணாங்கன்னு பாத்து அதுக்கு உண்டான கோடு போடணும், அந்த கோடை வச்சுத்தான் இன்சூரன்ஸ்காரன் ஆஸ்பத்திரிக்கு காசு குடுப்பான். நோய்க்கு ஐசிடி-10, வைத்தியத்துக்கு சிபிடி, ஊசி மருந்து வீல்சேர் மாதிரி ஐட்டத்துக்கு ஹிக்பிக்ஸ்னு ஒண்ணு. எங்க அத்தைக்கு இதை விளக்குறதுக்குள்ள எனக்கு போதும் போதும்னு ஆயிடுச்சு, இப்பவும் சொந்தக்காரங்க கிட்ட "கம்ப்யூட்டர் கம்பெனி"ன்னு தான் சொல்லிக்கிட்டு இருக்காங்க, சரி விடுங்க.

நான் திருச்சி. எம்எஸ்சி ஜுவாலஜி, பிஎட். கல்யாணமான வருஷத்துல இருந்து ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல ப்ளஸ் ஒன் ப்ளஸ் டூ பிள்ளைங்களுக்கு பயோ-ஜுவாலஜி எடுத்தேன். 2020ல ஸ்கூல் மூடுனப்போ பாதி சம்பளம்னு ஆச்சு, அதை குறை சொல்ல மாட்டேன், எல்லா இடத்துலயும் அதான் நிலைமை. ஆனா ஸ்கூல் திறந்து ஃபீஸ் எல்லாம் முழுசா வாங்க ஆரம்பிச்ச பிறகும் எங்களுக்கு பழைய சம்பளம் வரல, கேட்டா அட்மிஷன் பிடிச்சுட்டு வாங்க பாக்கலாம்னு பதில். ஏப்ரல் மே வெயில்ல நோட்டீஸ் எடுத்துக்கிட்டு வீடு வீடா போன டீச்சருங்களுக்கு நான் என்ன சொல்றேன்னு புரியும்.

அரசு ஸ்கூல் ப்ளஸ் டூ டீச்சர் வேலைக்கான பிஜி டிஆர்பி பரீட்சை எழுதிட்டுத்தான் இருந்தேன். அதுல ஜுவாலஜிக்கு வர்ற இடம் கொஞ்சம், எழுதுறவங்க கூட்டம் பெருசு, அடுத்த நோட்டிஃபிகேஷன் எப்ப வரும்னு தெரியாம படிச்சுக்கிட்டே இருக்கணும். நாப்பது வயசு பொம்பளை வேலை மாறணும்னு வாயைத் தொறந்தா நம்ம ஊர்ல வர்ற யோசனை மூணே மூணு தான், எல்ஐசி ஏஜென்ட் ஆகு, வீட்டுல சேலை வாங்கி வித்துப் பாரு, டியூஷன் எடு. மூணும் நல்ல தொழில் தான், எனக்கு ஆளுங்க கிட்ட பேசி விக்க வராது, டியூஷன் ஏற்கனவே எடுத்துக்கிட்டு இருந்தேன்.

கோடிங் பத்தி சொன்னது என்கிட்ட படிச்சு பிஃபார்ம் முடிச்ச ஒரு பொண்ணோட அம்மா. உடனே தில்லைநகர்ல ரெண்டு மூணு இன்ஸ்டிட்யூட் ஏறி இறங்கி விசாரிச்சேன், ஃபீஸ் முப்பதாயிரத்தை தாண்டி சொன்னாங்க, ஒரு வளையல வச்சு கட்டினேன். சனி ஞாயிறு பேட்ச். அந்த பேட்ச் தான் எனக்கு தைரியமே குடுத்துச்சு, ஏன்னா காலேஜ் முடிச்ச 22 வயசு பிள்ளைங்க பாதின்னா மீதி பாதி என்னை மாதிரி நடுவழியில வந்தவங்க. சவுதியில நர்ஸா இருந்துட்டு பையன் படிப்புக்காக திரும்பி வந்த ஒரு அக்கா, க்ளினிக் போட்டு கட்டுப்படியாகாம வந்த ஒரு பல் டாக்டர், மெடிக்கல் ரெப்பாவே அம்பது வயசு வரைக்கும் பைக்ல சுத்தி முதுகு போயி வந்த ஒரு சார். பிசியோதெரபி படிச்சவங்க எல்லா பேட்ச்லயும் இருப்பாங்களாம், அவங்களுக்கு இங்க ஆரம்ப சம்பளம் அவ்வளவு மோசம்.

படிப்பைப் பத்தி பயந்தேன், அது தேவையில்லாத பயம். உடற்கூறு எனக்கு தண்ணி பட்ட பாடு, ஃபீமர் எங்க இருக்கு டிபியா எங்க இருக்குன்னு சின்னப் பிள்ளைங்க மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருந்தப்போ நான் கைட்லைன்ஸ்ல, அதாவது எந்த இடத்துல எந்த கோடு போடணும்ங்கிற விதிமுறையில உக்காந்துட்டேன். ருசியே அங்கதான் இருக்கு. உதாரணத்துக்கு டாக்டர் "நிமோனியாவா இருக்கலாம்"னு எழுதியிருக்கார்னு வைங்க. அவுட்பேஷன்ட்னா நிமோனியா போடக்கூடாது, இருமல் காய்ச்சல்னு அறிகுறியைத்தான் போடணும், அதே ஆள் அட்மிட் ஆகி டிஸ்சார்ஜ் ஆகும்போதும் அப்படியே எழுதியிருந்தா ஆஸ்பத்திரி கணக்குல நிமோனியாவே இருக்குற மாதிரி போடலாம். இன்னொண்ணு, சுகர் பேஷன்டுக்கு நாள்பட்ட கிட்னி கோளாறும் இருந்தா, சுகராலதான் கிட்னி கெட்டுச்சுன்னு டாக்டர் எழுதவே வேணாம், வேற காரணம்னு அவர் எழுதாத வரைக்கும் நாமளே ரெண்டையும் சேத்து ஈ11.22 போட்டு கூடவே கிட்னி எந்த ஸ்டேஜ்னு என்18ல ஒரு கோடு போடணும். இதை தெரியாம சுகருக்கு தனியா ஈ11.9 போட்டுட்டு வர்றவங்களை டெஸ்ட்ல அங்கயே வடிகட்டிடுவாங்க.

எழுபதாயிரம் கோடுக்கு மேல இருக்கு, எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணணுமான்னு கேப்பாங்க. வேணாம், புக்ல தேடத் தெரிஞ்சா போதும். வாத்து வந்து முட்டி ஒருத்தருக்கு அடிபட்டா அதுக்கு தனியா ஒரு கோடு இருக்கு, டபிள்யூ61.62, முதல் தடவை வைத்தியத்துக்கு வந்தா கடைசியில ஏ, மறுபடி வந்தா டி. எங்க வீட்டுல இது ஒண்ணு தான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு.

இன்ஸ்டிட்யூட் மேல எனக்கு ஒரு கோவம் உண்டு. டாக்டரைப் பாக்கப் போற விசிட்டு எவ்வளவு பெருசுன்னு லெவல் போடுறதை ஈ அண்ட் எம்னு சொல்லுவாங்க, க்ளினிக் விசிட்டுக்கு 2021லயும் ஆஸ்பத்திரி விசிட்டுக்கு 2023லயும் அந்த ரூல் மாறிடுச்சு, முன்னாடி மாதிரி ஹிஸ்டரியில எத்தனை பாயின்ட், பரிசோதனையில எத்தனை பாயின்ட்னு எண்ண வேணாம், டாக்டர் எவ்வளவு சிக்கலான முடிவு எடுத்தார்ங்கிறது இல்லன்னா எவ்வளவு நேரம் செலவு பண்ணார்ங்கிறது, இதை வச்சு லெவல். எங்களுக்கு குடுத்த ஜெராக்ஸ் நோட்ஸ்ல பழைய எண்ணிக்கை கணக்கே இருந்துச்சு. சேருறதுக்கு முன்னாடி நோட்ஸ் எந்த வருஷத்துதுன்னு கேளுங்க. ஐசிடி ஒவ்வொரு அக்டோபர் 1ம் தேதியும் மாறும், சிபிடி ஜனவரி 1ல மாறும், கிட்னி ஸ்டேஜ் 3க்கு ஒரே கோடா இருந்ததை 2020 அக்டோபர்ல மூணா பிரிச்சாங்க, இந்த மாதிரி வருஷா வருஷம் ஏதாவது இருக்கும். பழைய நோட்ஸ் வச்சு நடத்துறவங்க கிட்ட காசு கட்டாதீங்க. நூறு சதவீதம் வேலை உத்தரவாதம்னு போர்டு வச்சிருக்குறதுக்கும் அர்த்தம், இன்டர்வியூ நடக்குற இடத்தை வாட்ஸாப்ல அனுப்புவாங்க, அவ்வளவுதான்.

அப்புறம் ஸ்கூலை விட்டு வெளிய வர்றது. என்னோட ஒரிஜினல் சர்டிஃபிகேட் எல்லாம் சேரும்போதே வாங்கி வச்சுக்கிட்டாங்க, பத்தாவது மார்க்ஷீட்ல இருந்து பிஎட் வரைக்கும் பீரோவுல பூட்டி. இது எத்தனையோ தனியார் ஸ்கூல்ல நடக்குறது தான். நடு வருஷத்துல போறேன்னா தர மாட்டாங்கன்னு தெரிஞ்சு பரீட்சை பேப்பர் திருத்தி முடிச்சு குடுத்த பிறகு தான் லெட்டர் குடுத்தேன், அப்பவும் கரஸ்பாண்டன்ட் ஊர்ல இல்ல, க்ளார்க் சாவி இல்லன்னு இழுத்தாங்க. கடைசியில வீட்டுக்காரர் வந்து ஆஃபீஸ் பெஞ்சுல சாயங்காலம் வரைக்கும் சும்மா உக்காந்திருந்தார், சண்டை எல்லாம் போடல, உக்காந்திருந்தார், குடுத்துட்டாங்க. அனுபவ சர்டிஃபிகேட்டும் கையோட கேட்டு வாங்கிடுங்க, எதுக்கு இனிமேன்னு நினைக்காதீங்க, புது கம்பெனியில பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்னு ஒண்ணு வரும், பழைய இடத்துக்கு ஃபோன் போட்டு கேப்பாங்க. பிஎஃப் இருந்தா யுஏஎன் நம்பர்ல உங்க பேரும் பிறந்த தேதியும் ஆதார்ல இருக்குற மாதிரியே இருக்கான்னு இப்பவே பாத்து வைங்க, எனக்கு இனிஷியல் மாறி இருந்து அது சரியாகுறதுக்குள்ள தாவு தீந்துருச்சு.

வேலை தேடுனது தான் உண்மையிலேயே கஷ்டமான பகுதி. எல்லா வாக்-இன்லயும் பக்கத்துல உக்காந்திருக்குற பிள்ளைங்க என்னை பாத்து "மேம் எந்த ரூமுக்கு போகணும்"னு கேக்கும், நானும் உங்கள மாதிரி தாம்மான்னு சொல்லுவேன். டெஸ்ட்ல பாஸாயிடுவேன், ஹெச்ஆர் ரவுண்டுல நிக்கும். வயசுன்னு நேரா யாரும் சொல்ல மாட்டாங்க. "உங்களை விட சின்னவங்க டீம் லீடா இருப்பாங்களே, பரவாயில்லையா"ன்னு கேப்பாங்க, "பசங்க சின்னவங்களா, லீவு நிறைய போடுவீங்களா"ன்னு கேப்பாங்க, அப்புறம் கூப்பிடுறோம்னு அனுப்பிடுவாங்க. இன்னொரு விஷயம் கவனமா இருங்க, கோடிங்குக்கு ஆள் போதும், ஏஆர் காலிங்ல இடம் இருக்கு சேருறீங்களான்னு கேப்பாங்க. அது வேற வேலை, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஃபோன் போட்டு பணம் ஏன் வரலன்னு கேக்குறது, அமெரிக்காக்காரன் ஆஃபீஸ் நேரத்துல தான் ஃபோன் போட முடியும், அதனால நைட் ஷிஃப்ட். கோடிங்ல நாம யாரோடயும் பேசுறது இல்ல, பெரும்பாலும் பகல் ஷிஃப்ட் கிடைக்கும். ஏஆர் கேவலம்னு சொல்லல, இங்கிலீஷ் நல்லா பேசுறவங்களுக்கு அதுல சீக்கிரம் சம்பளம் ஏறும், ஆனா ப்ளஸ் டூ படிக்கிற பொண்ணை வீட்டுல வச்சுக்கிட்டு எனக்கு ராத்திரி வேலை ஒத்து வராது.

கடைசியில எனக்கு வழி விட்டது அந்த சவுதி அக்கா தான். அவங்களுக்கு முன்னாடியே கிடைச்சிடுச்சு, அவங்க கம்பெனியில ரெஃபரல்ல என் பேரை குடுத்தாங்க. இந்த லைன்ல பாதி ஆளுங்க ரெஃபரல்ல தான் உள்ள போறாங்க, அதனால பேட்ச்ல யார் கிட்டயும் ஒதுங்கி இருக்காதீங்க. அந்த ஹெச்ஆரும் அதே சின்னவங்க கேள்வியை கேட்டாங்க, நான் "இத்தனை வருஷமா பதினாறு வயசு பிள்ளைங்க கிட்ட திட்டு வாங்கியிருக்கேன், இருபத்தாறு வயசுக்காரங்க என்ன பண்ணிடுவாங்க"ன்னு சொன்னேன், சிரிச்சிட்டாங்க.

சேந்தப்போ சம்பளம் ஸ்கூல்ல கடைசியா வாங்குனதை விட கம்மி. இதை யாரும் முன்னாடியே சொல்லல, நான் சொல்றேன், முதல் ஒரு வருஷத்துக்கு வீட்டு செலவுக்கு வேற வழி இருந்தா மட்டும் இறங்குங்க. நான் சாயங்கால டியூஷனை விடாம வச்சிருந்தேன். ஃப்ளோர்ல ஃபோன் கூடாது, பேப்பர் பேனா கூடாது, ஹிப்பான்னு அமெரிக்க சட்டம், பேஷன்ட் விவரம் வெளிய போகக்கூடாது, எல்லாத்தையும் லாக்கர்ல வச்சுட்டு போகணும். ஸ்கூல்ல இருந்து பொண்ணு கூப்பிட்டா என்ன பண்றதுன்னு முதல் வாரம் எல்லாம் ஒரே படபடப்பு, அப்புறம் டீம் நம்பரை குடுத்து வச்சேன். தினம் இத்தனை சார்ட் முடிக்கணும்னு ப்ரொடக்‌ஷன் டார்கெட், அதுல 95 சதவீதம் சரியா இருக்கணும்னு ஆடிட். சின்னப் பிள்ளைங்க கை கீபோர்ட்ல பறக்கும், எனக்கு வேகம் வர ரொம்ப நாள் ஆச்சு, ஆனா தப்பு கம்மி, பேப்பர் திருத்தித் திருத்தி வந்த கண்ணு. கண்ணுன்னதும் ஞாபகம் வருது, நாப்பதுக்கு மேல ரெண்டு மானிட்டர் முன்னாடி உக்காரப் போறீங்கன்னா கண் டாக்டர் கிட்ட எவ்வளவு தூரத்துல ஸ்க்ரீன் இருக்கும்னு சொல்லி கண்ணாடி எழுதிக்குங்க, புக் படிக்கிற கண்ணாடி ஒத்து வராது, கழுத்து வலி பின்னும்.

கோடிங்குக்கு சர்டிஃபிகேட் தர்ற சிபிசி எக்ஸாம் நான் வேலைக்கு சேந்த பிறகு தான் எழுதுனேன், அது தான் சரின்னு இப்பவும் சொல்லுவேன். ஏஏபிசின்னு அமெரிக்க அமைப்பு நடத்துறது, ஃபீஸ் டாலர்ல, மெம்பர்ஷிப்பும் கட்டணும். நூறு கேள்வி, நாலு மணி நேரம், 70 சதவீதம் எடுக்கணும், புக்கை வச்சே எழுதலாம். புக்கு இருக்கேன்னு மெத்தனமா போனா நேரம் பத்தாது, ஒரு கேள்விக்கு ரெண்டரை நிமிஷம் கூட இல்ல, அதனால வேலை பாத்த கை வேணும். பாஸானாலும் அனுபவம் இல்லாதவங்களுக்கு சிபிசி-ஏன்னு தான் தருவாங்க, அந்த ஏ அப்ரென்டிஸ், ரெண்டு வருஷ அனுபவம் காட்டுனா எடுத்துடுவாங்க, ஒரு வருஷ அனுபவமும் 80 மணி நேர கோர்ஸும் காட்டுனாலும் சரி. எங்க கம்பெனியில பாஸ் பண்ணா ஃபீஸ்ல ஒரு பகுதி திருப்பி குடுத்தாங்க, சேரும்போதே அதைக் கேட்டு வைங்க.

அந்த ரெப் சாருக்கு கோடிங் கிடைக்கல, ஆனா மருந்து பேரும் நோய் பேரும் அத்துப்படி, இங்கயே ஒரு ஆஸ்பத்திரியில இன்சூரன்ஸ் டெஸ்க்ல இருக்கார், முதலமைச்சர் காப்பீட்டு திட்டத்து ஃபைல் எல்லாம் அவர் தான் பாக்குறார், பைக்ல சுத்துறது நின்னதே போதும்ங்கிறார். பிகாம், பிஏ படிச்சவங்க கேக்குறீங்க, கோடிங்ல பெரும்பாலும் லைஃப் சயின்ஸ், நர்சிங், ஃபார்மசி, பிசியோ கேக்குறாங்க, உங்களுக்கு பேமென்ட் போஸ்டிங் (வந்த பணத்தை கணக்குல ஏத்துறது), சார்ஜ் என்ட்ரி (பில் விவரத்தை பதியுறது), ஏஆர்ல இடம் இருக்கு. ஏஐ வந்து கோடிங் போயிடுமேன்னு கேட்டா, எக்ஸ்ரே ரிப்போர்ட் மாதிரி சின்ன சின்ன சார்ட்ட இப்பவே சாஃப்ட்வேர் போடுது, ஆள் சரிபாக்குறதோட சரி, அதை மறைச்சு பேசுற இன்ஸ்டிட்யூட்ட நம்பாதீங்க. அதனாலதான் நான் இப்ப அட்மிட் ஆன பேஷன்ட் சார்ட், ஐபி டிஆர்ஜின்னு சொல்லுவாங்க, ஒரே மாதிரி கேஸை ஒரு க்ரூப்பா வச்சு ஆஸ்பத்திரிக்கு காசு கணக்கு பண்ற முறை, அந்த பக்கம் போறதுக்கு படிச்சுக்கிட்டு இருக்கேன், ஒரு சார்ட்டே நூத்துக்கணக்கான பக்கம் வரும், பத்து டாக்டர் பத்து விதமா எழுதியிருப்பாங்க. ஜனவரியில கம்பெனிக்கு உள்ளயே அதுக்கு டெஸ்ட் வைக்கிறாங்க.