எடை அசையாமல் நின்ற ஆறு வாரங்கள்

இரைப்பைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு இம்மாதத்துடன் பத்து மாதங்கள் நிறைகின்றன. சிகிச்சைக்குச் சென்ற நாளில் 118 கிலோ இருந்தேன். இன்று காலை 92.6. இதைக் கேட்பவர்களில் பாதிப் பேர் மகிழ்கிறார்கள். மீதிப் பேர் சற்று நேரம் பேசாமல் நிற்கிறார்கள். என் நாத்தனார் மட்டும் மனத்தில் பட்டதை வாய்விட்டே கேட்டுவிட்டாள்: "இவ்வளவு செலவு பண்ணி, வயித்தையே வெட்டி எடுத்தும் இதுதானா அண்ணி?"

அவள்மீது எனக்கு வருத்தமில்லை. அதே கேள்வியை நானே என்னை நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. இதே சிகிச்சைக்குப் பிறகு எடை மெல்லத்தான் குறைகிறது என்று கலங்கியிருக்கும் யாருக்கேனும் பயன்படட்டும் என்று அதை எழுதுகிறேன்.

எனக்குச் செய்தது 'ஸ்லீவ்' முறை. வயிற்றில் சிறு துளைகள் இட்டு, இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி நீக்கிவிட்டு, எஞ்சியதை ஒல்லியான குழல்போல ஆக்கிவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது நீக்கப்படும் அந்தப் பகுதியில்தான் என்பதால், முதல் சில மாதங்களில் பசி என்பதே ஏறக்குறைய மறந்துபோகிறது. மோரும் பருப்புத் தண்ணீரும் வடிகட்டிய சூப்புமாக இரண்டு வாரம், பிறகு மசித்த உணவு, அதன்பின் குழைந்த சோறு என்று படிப்படியாக வந்தேன். அரை இட்லியை இருபது நிமிடம் மென்று உண்ணவும், சாப்பாட்டுக்கு நடுவே தண்ணீர் குடிக்காமல் இருக்கவும் அப்போதுதான் பழகினேன்.

முதல் மாதத்தில் எட்டு கிலோ குறைந்தது. ஆனால் அந்த மாதத்துக்குள்ளேயே, மூன்றாவது வாரம் தொடங்கி, பத்து நாள்கள் எடை அசையவில்லை. அறுவை தோற்றுவிட்டது என்றே நினைத்து அழுதேன். பின்னர் மருத்துவர் விளக்கினார்: தொடக்கத்தில் உடல் செலவழிப்பது கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்த கிளைக்கோஜன் என்னும் சர்க்கரையை, அதன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால், முதலில் வேகமாக இறங்கும் எடையில் பெரும்பங்கு நீர்தான். உடல் அந்தச் சேமிப்பை மீண்டும் கொஞ்சம் நிரப்பிக்கொள்ளும்போது நீரும் திரும்பிச் சேர்கிறது. கொழுப்பு கரைந்துகொண்டே இருந்தாலும் எடை காட்டும் கருவி நின்ற இடத்திலேயே நிற்கிறது. இது மிகப் பலருக்கும் நேர்வதாம். அறுவைக்கு முன்பே யாராவது இதைச் சொல்லியிருந்தால் அந்தப் பத்து நாள் அழுகை மிச்சமாகியிருக்கும்.

உண்மையான சோதனை ஐந்தாம் மாதத்தில் வந்தது. 98 கிலோவில் நின்ற எடை ஆறு வாரங்கள் நகரவே இல்லை. என்னோடு அதே வாரத்தில் சிகிச்சை செய்துகொண்ட இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர் அதற்குள் நாற்பது கிலோ குறைந்திருந்தார். அவர் 162 கிலோவில் தொடங்கியவர், தசை வலுவுள்ள ஆண். நானோ நாற்பத்தேழு வயதில், தைராய்டு மாத்திரையும் சர்க்கரை நோயுமாகத் தொடங்கியவள். இருவரையும் ஒரே அளவுகோலில் வைக்கக் கூடாது என்று அறிவு சொன்னது, மனம் கேட்கவில்லை.

அப்போது நான் ஒரு தவறு செய்தேன். உண்பதை இன்னும் குறைத்தால் எடை இறங்கும் என்று எண்ணி, யாரிடமும் கேட்காமல் நான்கு நாள்கள் வெறும் மோரும் இளநீரும் மட்டும் குடித்தேன். ஐந்தாம் நாள் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கையில் கண் இருட்டி, சாக்பீஸ் கையிலிருந்து நழுவியது. முன்வரிசைப் பிள்ளைகள் ஓடிவந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளின் பயந்த முகங்களை நினைத்தால் இன்றும் மனம் குன்றுகிறது.

மறுநாள் டயட்டீஷியனிடம் போனேன். அவர் திட்டவில்லை. என் உணவுக் குறிப்பேட்டை வாங்கி, ஒவ்வொரு நாளுக்கும் எதிரே எத்தனை கிராம் புரதம் என்று பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தார். 31, 28, 35. கடைசி நான்கு நாள்கள் பத்துக்கும் கீழே. எனக்கு வேண்டியது நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாமல். புரதம் போதாவிட்டால் உடல் கொழுப்போடு தசையையும் கரைக்கிறது. தசை குறையக் குறைய, சும்மா இருக்கும்போது உடல் எரிக்கும் ஆற்றலும் குறைகிறது. எடை குறைந்த உடலுக்குத் தேவையும் முன்பைவிடக் குறைவு என்பதால், வேகம் தணிவது இயல்புதான். பட்டினி கிடந்து அந்த இயல்பை நானே மோசமாக்கிக்கொண்டிருந்தேன். கொத்துக் கொத்தாக முடி உதிர்ந்ததற்கும் எடை வேகமாக இறங்கியதோடு இந்தக் குறையும் ஒரு காரணம் என்றார்.

சோறும் குழம்பும் பொரியலுமாக வளர்ந்த நமக்கு 60 கிராம் புரதம் என்பது எளிதில்லை. முட்டை ஒன்றில் ஆறு கிராம்தான். மீன் நூறு கிராம் உண்டால் இருபது கிராம் கிடைக்கும். ஆனால் என் இரைப்பையில் ஒரே வேளையில் நூறு கிராம் மீன் இறங்காது. ஆகவே தட்டில் முதலில் முட்டையோ மீனோ சுண்டலோ பனீரோ, அதற்குப் பிறகு காய், இடம் இருந்தால் மட்டும் இரண்டு கரண்டி சோறு என்று வரிசையை மாற்றினேன். எஞ்சிய குறையைப் புரோட்டீன் பவுடரால் நிரப்புகிறேன். மாலையில் நாற்பது நிமிட நடையோடு, தண்ணீர் நிரப்பிய இரண்டு பாட்டில்களைத் தூக்கி இறக்கும் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டேன்.

எடை உடனே இறங்கிவிடவில்லை. மேலும் இரண்டு வாரம் அதே 98. ஆனால் அந்த நாள்களில்தான் புடவை எனக்கு ஒன்றைச் சொன்னது. அறுவைக்கு முன்பு ஐந்தரை மீட்டர் புடவையில் எனக்கு மூன்று கொசுவம்தான் வரும். நான்காவதை மடித்தால் முந்தானை குட்டையாகிவிடும். எடை நின்றிருந்த அந்த ஐந்தாம் வாரத்தில் ஒரு காலை, வழக்கம்போல் கட்டிக்கொண்டிருந்தபோது ஐந்தாவது கொசுவம் மடிந்து, முந்தானையும் முழங்கால்வரை தொங்கியது. நம்ப முடியாமல் அவிழ்த்துவிட்டு மறுபடியும் கட்டினேன். ஐந்துதான். எடை அப்படியே இருக்க இடுப்புச் சுற்று குறைந்திருந்தது. அன்றிலிருந்து நாள்தோறும் எடை பார்ப்பதை விட்டுவிட்டேன். மாதம் ஒரு முறை எடையும் இடுப்பளவும் எடுத்துக் குறிப்பேட்டில் எழுதுவதோடு சரி.

அந்தக் குறிப்பேட்டில் வேறு சிலவும் இருக்கின்றன. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் HbA1c அளவு 8.9 சதவீதத்திலிருந்து 6.1 சதவீதத்துக்கு வந்தது, சர்க்கரை மாத்திரையை மருத்துவர் நிறுத்திவிட்டார். எடை ஒரு கிலோ குறைந்தால் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால்மீது விழும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்பார்கள். அப்படியானால் என் முழங்கால் ஒவ்வோர் அடிக்கும் நூறு கிலோ பாரத்தை இறக்கி வைத்திருக்கிறது. பள்ளியின் இரண்டாம் மாடிக்கு இடையில் நிற்காமல் ஏறுகிறேன்.

நாத்தனாருக்குப் பதிலாக நான் சொன்னது ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய ஆய்வைப் பற்றி. அதில் இத்தகைய அறுவை செய்துகொண்ட ஏறத்தாழ இரண்டாயிரம் பேரைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். எடை மிகவும் இறங்கியது முதல் ஓரிரு ஆண்டுகளில். பிறகு கொஞ்சம் கூடி, ஒரு நிலையில் நின்றது. ஆனாலும் அறுவை செய்துகொள்ளாதவர்களோடு ஒப்பிட அவர்களிடையே இறப்பு குறைந்திருந்தது என்று 2007-இல் வெளியிட்டார்கள். அன்றைய அறுவை முறைகள் வேறு. என்றாலும் எடை கூடுவதும் நிற்பதும் உடலின் வழக்கம் என்பதை எனக்கு உணர்த்தியது அதுதான். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ இன்னும் குறையும்னு சொல்றீங்க" என்றாள். ஒன்றரை ஆண்டுவரை குறைய வாய்ப்புண்டு என்றேன்.

வாரக்கணக்கில் எடை நிற்பதோடு வாந்தியும் தளர்ச்சியும் சேர்ந்தால், அது பொறுத்திருக்க வேண்டிய செய்தியன்று. உடனே மருத்துவரைப் பாருங்கள். பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகளை எடை நின்ற சலிப்பில் விட்டுவிடாதீர்கள். அவை வாழ்நாள் முழுவதும் வேண்டியவை.

சென்ற மாதத்துக்கும் இம்மாதத்துக்கும் இடையே எனக்குக் குறைந்தது 700 கிராம். குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். நாளைக்கான சுண்டலுக்குக் கொண்டைக்கடலை ஊறிக்கொண்டிருக்கிறது.